பங்களாக் குளத்துச் சரளை

அந்த இரண்டு மாதம் மதினியின் கைகள் இருந்த இருப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. விரல் நுனிகள் பத்தும் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும். நகக்கண்களில் செம்மண். இடது பெருவிரலில் கல் கிழித்த இடத்தில் ஒரு துணிக்கிழிசலைச் சுற்றியிருப்பார். அந்தத் துணியும் எந்நேரமும் ஈரம்தான். சாயங்காலம் அவர் சோற்றுத் தட்டை நீட்டும்போது அந்தக் கையைப் பார்க்காமல் வாங்கிக்கொள்ளப் பழகியிருந்தேன். வெட்கம்தான், வேறென்ன. அந்தக் கைகள் அப்படி ஆனதற்குக் காரணம் நான்.

மதினி என்றால் என் மூத்த அண்ணனின் மனைவி. இலங்கை மலைநாட்டில் பசறைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். நாடு சுதந்திரமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். அண்ணன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயத்தில் மதினிக்கு ஒரு காம்பரா, ஒற்றை அறை. பக்கத்துக் காம்பராவில் நானும் இன்னும் மூன்று இளவட்டங்களும் படுத்துக்கொள்வோம். எனக்குச் சாப்பாடு மட்டும் மதினி அடுப்பில். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சிரித்தால் லயத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும். ஒன்றைச் செய்வது என்று எடுத்துவிட்டால் முடிக்காமல் கீழே வைக்க மாட்டார். அந்தக் குணத்தை மெச்சுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று அண்ணனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

மலைத்தோட்டத்தில் இருந்தவர்களுக்குத்தான் சமதரையின் அருமை தெரியும். எங்கள் தோட்டத்தில் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கிற இடங்களை எண்ணிவிடலாம். தேயிலை அரைக்கிற ஸ்டோர் வாசல் ஒன்று. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களம் ஒன்று. மற்றதெல்லாம் சரிவு, ஏறு, இல்லாவிட்டால் இறங்கு. அண்ணன் இறந்த மறு வருடம் ஒரு மழைநாளில் மதினி நிறைக் கூடையோடு வடிகால் கான் கல்லில் வழுக்கி விழுந்தார். வலது முழங்கால் அன்றைக்குப் போனதுதான். அதன்பிறகு அவரால் மலை ஏறிக் கொழுந்து பறிக்க முடியவில்லை. வேலைக்குப் போகாதவருக்குத் தோட்டக் கணக்கில் பேர் வெட்டுவார்கள், பேர் வெட்டினால் காம்பராவைக் காலி செய்ய வேண்டும். ஆபீசில் இருந்த பெரிய கிளாக்கர் ஐயா பார்த்து, துரை பங்களாவில் பூப்பாத்தி பார்க்கிற வேலையை வாங்கிக் கொடுத்தார். பங்களாவைச் சுற்றிப் புல்தரை. தோட்டத்திலேயே பெரிய சமதரை அதுதான். முதல் நாள் வேலை முடிந்து வந்தவர், “தம்பி, இன்னைக்கு ஒரு தரம்கூட முட்டியப் புடிக்கல” என்றார். அந்த வேலை போனால் தனக்கு வேறு வேலை இல்லை என்பது அவருக்கும் தெரியும், லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் புல்தரையின் ஓரத்தில் ஒரு பழைய குளம் இருந்தது. குளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பத்தடி நீளம், ஆறடி அகலம், முழங்காலுக்குச் சற்று மேலே ஆழம். முன்னொரு காலத்துத் துரை கட்டிப் போட்டது. யுத்த காலத்திலிருந்து காய்ந்து கிடந்து, சருகு நிறைந்து, பங்களா நாய் படுக்கிற இடமாகியிருந்தது. புதிதாக வந்த துரைசாணிக்கு அதைக் கண்டதும் ஆசை பிடித்துக்கொண்டது. தண்ணீர் விட்டு அல்லி போட வேண்டும், தங்கமீன் விட வேண்டும், மீனின் சிவப்பு எடுத்துக் காட்டுகிற மாதிரி அடியில் வெள்ளைச் சரளை பரப்ப வேண்டும். மேசன் வந்து வெடிப்புகளைப் பூசினான். சிமெந்தின் காரம் போவதற்காக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு இரண்டு வாரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை இறைத்துக் கொட்டினான். குளம் தயார். சரளைதான் பாக்கி. அந்த வேலை மதினி தலையில் வந்து விழுந்தது.

வெள்ளைக் கல்லுக்கு எங்கள் மலையில் பஞ்சமில்லை. மழைத்தண்ணீர் வடியச் சரிவில் கான் வெட்டும்போது மண்வெட்டி வாயில் மாட்டி நெருப்புப் பறக்குமே, அந்த வெங்கச்சங்கல்தான். ஆனால் அது வெள்ளையாகக் கிடைக்காது. எங்கள் ஊர்ச் செம்மண் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி அதன்மேல் அப்பிக் கிடக்கும். அப்படியே குளத்தில் போட்டால் மாதக்கணக்கில் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கும். துரைசாணி ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததைக் கிளாக்கர் ஐயா வாசித்துச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடம் மலையில் இருந்தும் அவருடைய பேச்சு கடல் ஓரத்திலேயே நின்றுவிட்டது. “இஞ்சை பார் பிள்ளை, கனக்கப் போட்டு ஒரேயடியாய்க் கழுவாதை. கொஞ்சம் கொஞ்சமாய்ப் போடு. குடிதண்ணி மாதிரித் தெளிஞ்சு வருமட்டும் விடாதை. பிறகு ரெண்டு நாள் ஊறப்போட்டு, திருப்பியும் ஒருக்காக் கழுவு.” மதினி ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டிக்கொண்டே நின்றார்.

கல் கழுவுவது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் கழுவிப் பார்க்காதவர்கள். போன வருடம் என் மகன் பண்டாரவளையில் வீடு கட்டி, வாசலில் இப்படியொரு சின்னக் குளம் வைத்தான். சரளை, பளபளக்கிற உறையில் கடையிலிருந்து வந்தது. கழுவியே வருகிறதாம், அப்படியே கொட்டலாமாம். நான் விடவில்லை. முதல் வாளியிலேயே பால் கலந்த மாதிரி வெள்ளையாக ஒரு தண்ணீர் வந்ததைக் கூப்பிட்டுக் காட்டினேன். “உங்களுக்கு ஏன்தான் கல்லைக் கண்டால் இந்தக் கோபமோ” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டான். கோபம்தான். ஆனால் கல்மேல் இல்லை.

மதினி கழுவிய விதத்தை நான் பார்த்திருக்கிறேன். முதலில் காய்ந்த கல்லையே ஸ்டோரில் கழித்துப் போட்ட ஒரு கம்பிச் சல்லடையில் போட்டு ஆட்டி, உதிர்கிற மண்ணை உதிரவிடுவார். பிறகு இரண்டு கையளவு கல், அது மூழ்கத் தண்ணீர். அரிசி களைகிற மாதிரி உள்ளங்கையால் தேய்த்துச் சுழற்றி, மண் அடியில் தங்குவதற்கு முன்னால் சட்டென்று சாய்த்துவிடுவார். அந்தச் சாய்ப்பில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு மூச்சு தாமதித்தாலும் மண் திரும்பவும் கல்லில் உட்கார்ந்துவிடும். ஏழெட்டுத் தண்ணீர் போன பிறகு ஒரு கண்ணாடிக் கிளாசில் நாலு கல்லைப் போட்டுக் குலுக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். புகை மாதிரி ஏதாவது தெரிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. ஒரு நாளைக்கு மூன்று அரைச்சாக்குத் தேறினால் பெரிது. குளத்துக்கு வேண்டியது முப்பது.

ஊறப்போடத்தான் பாத்திரம் இல்லை. பங்களாச் சமையல்காரர் தன் வாளிகளைத் தொடவிடவில்லை. கச்சான் காற்று வீசுகிற வறட்சி மாதம், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவவும் கூடாது. “ஒரு டிரம்மு இருந்தா போதும் தம்பி, பாதி வேலை முடிஞ்சிரும்” என்று மதினி ஒருநாள் சொன்னார். கேட்கக்கூட இல்லை, சும்மா சொன்னார். நான்தான் வீரத்தோடு மார்தட்டினேன்.

அப்போது நான் மருந்தடிக்கிற கூட்டத்தில் இருந்தேன். மழைக்காலத்தில் தேயிலைத் துளிரில் கொப்புளம் கொப்புளமாக ஒரு நோய் வரும். அதற்கு மருந்து கலந்து முதுகில் தொட்டி கட்டி அடிப்போம். மருந்து கலக்கிற டிரம்கள் வெயில் காலத்தில் மருந்துக் கொட்டகைக்குப் பின்னால் சும்மா அடுக்கிக் கிடக்கும். தோட்டத்தில் எந்தத் தகரமும் ஒரு வேலையோடு செத்துப் போவதில்லை. மண்ணெண்ணெய்த் தகரம் குளிக்கிற வாளியாகும், பிஸ்கட் தகரம் பெட்டகமாகும். டிரம் என்றால் தண்ணீர் பிடித்து வைக்கத்தான் என்று எங்களுக்கு ஒரே எண்ணம். யாரையும் கேட்காமல் ஒன்றை உருட்டிக்கொண்டு போனேன். கேட்டால் கிடைக்காது, முந்தின வருடம் கொட்டகையிலிருந்து பழைய சாக்கு ஒன்றை எடுத்துப் போன ஆளுக்குப் பேர் வெட்டிவிட்டார்கள். ஆற்றுமணல் போட்டு மூன்று தரம் தேய்த்தேன். நாலு நாள் வெயிலில் கவிழ்த்துப் போட்டேன். மூக்கை உள்ளே விட்டு மோந்தும் பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. மூட்டுவாயில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. பாசி என்று நினைத்தேன். எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள்.

பன்னிரண்டு நாளில் முப்பது அரைச்சாக்கும் கழுவி, டிரம்மில் ஊறவைத்து, மறுபடி கழுவிக் குளத்தில் பரப்பியாயிற்று. கொழும்பிலிருந்து பதுளை ஸ்டேஷனுக்கு ரயிலில் தங்கமீன் வந்து இறங்கியது. மொத்தம் பதினான்கு. பன்னிரண்டைக் குளத்தில் விட்டு, இரண்டை மட்டும் துரைசாணி பங்களா வராந்தாவில் ஒரு கண்ணாடிச் சாடியில், அதே குழாய்த் தண்ணீரில் வைத்தார். மதினிக்கு அன்று இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. லயத்துப் பெண்களிடம் மீன் வாலை ஆட்டுவதைக் கையால் ஆட்டி ஆட்டிக் காட்டினார். மறுநாள் காலை பன்னிரண்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. சாடியில் இருந்த இரண்டும் நன்றாக இருந்தன.

துரைசாணி கத்தவில்லை. அதை இன்றைக்கும் சொல்ல வேண்டும். சாடியைக் காட்டினார், குளத்தைக் காட்டினார். தண்ணீர் ஒரே தண்ணீர். அங்கே இல்லாதது, இங்கே இருப்பது கல்தான். கல் சரியாகக் கழுவப்படவில்லை. அந்தக் கணக்கில் யாராலும் பிழை சொல்ல முடியாது. மதினியும் சொல்லவில்லை. குளத்தை இறைத்து, கல்லை அள்ளி, முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை ஒவ்வொரு ஈட்டையும் டிரம்மில் நாலு நாள் ஊறவைத்தார். “இனி இதுல ஒரு பொட்டு அழுக்கு இருந்தா என் பேர மாத்திக்கிறேன்” என்றார். அடுத்த மீன்கள் வந்தன. அவை ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. காலையில் விட்டவை சாயங்காலத்துக்குள் செத்தன. சாடி மீன்கள் அப்போதும் வாய் திறந்து மூடிக்கொண்டு சுற்றின. கிளாக்கர் ஐயா வந்து, சொல்ல மனமில்லாமல் சொன்னார்: “இன்னும் ஒருக்கா மீன் வருமாம். அதுவும் செத்தால் உன்னைத் திருப்பி மலைக்கு அனுப்பத் துரைசாணி சொல்லிப்போட்டா. நான் கதைச்சுப் பாத்தனான் பிள்ளை, கேக்கிறா இல்லை.”

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. மதினிக்குக் கூடமாட உதவலாம் என்று பங்களாவுக்குப் போனேன். டிரம்மைச் சாய்த்து அழுக்குத் தண்ணீர் விடுகிற கானைத் தற்செயலாகப் பார்த்தேன். கானின் இரு பக்கக் கல்லிலும் பாசி பச்சைப் பசேலென்று இருந்தது. டிரம் தண்ணீர் விழுகிற இடத்திலிருந்து கீழே மட்டும் ஒரு முழத்துக்கு அது கருகிப் பழுப்பேறியிருந்தது. நாலைந்து நத்தைகள் ஓட்டோடு செத்துக் கிடந்தன. அந்தப் பழுப்பு எனக்குப் புதிதில்லை. மருந்தடித்த பிறகு தேயிலை மரத்தின் அடித்தண்டில் பாசி இப்படித்தான் கருகும். மதினி ஊறவைக்க ஊறவைக்க, டிரம்மின் மூட்டுவாயில் பச்சையாக ஒளிந்திருந்த மருந்து கல்லில் ஏறியிருக்கிறது. எவ்வளவுக்கு அதிகம் பாடுபட்டாரோ அவ்வளவுக்குச் சீக்கிரம் மீன் செத்திருக்கிறது.

அன்று முழுவதும் நான் வாயைத் திறக்கவில்லை. பயம். பேர் வெட்டினால் எங்கே போவேன் என்ற பயம். மதினியோ என் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்க பெசகுனேன்னு தெரியலையே தம்பி” என்று ஒவ்வொரு கல்லாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாளை என் ஆயுளிலிருந்து எடுத்துவிட முடியுமென்றால் எடுத்துவிடுவேன்.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும் சொல்லிவிட்டேன். மதினி முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கை நின்றது. திட்டுவார் என்று பார்த்தேன். மூன்று கேள்விதான் கேட்டார்.

“நீ டிரம்ம எடுத்தத யாராச்சும் பாத்தாங்களா?”

“இல்ல மதினி.”

“அத இருந்த எடத்துலயே வச்சிற முடியுமா?”

“முடியும்.”

“அந்த மருந்து கழுவுனா போயிருமா?”

“தெரியல மதினி.”

“அப்ப, போற வரைக்கும் கழுவுவோம்” என்றார். மறுபடி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். “டிரம்மு கதைய இந்தக் காம்பராவோட விட்ரு. வெளிய ஒரு வார்த்த வந்துச்சு, அப்புறம் என்கிட்ட சோறு கேட்டு வராத.”

பங்களாவுக்குக் கீழே எண்பது படி இறங்கினால் ஓடை. மண்ணில் வெட்டிய படிகள். ஒன்று முழங்கால் உயரம், இன்னொன்று கணுக்கால் உயரம். ஓடுகிற தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்று மதினி முடிவு செய்துவிட்டார். கிளாக்கர் ஐயாவிடம், “கொழாத் தண்ணி பத்தலைங்க ஐயா, ஆத்துல கழுவிப் பாக்குறேங்க” என்று மட்டும் சொன்னார். சமதரையில் வேலை செய்யவென்று போனவர், ஒன்பது நாள் அந்தப் படியில் இறங்கினார். நடந்து இல்லை. முதல் படியில் உட்கார்ந்து, காலை நீட்டி, கையை ஊன்றி அடுத்த படியில் உட்கார்ந்து, இப்படி எண்பது படியும். பார்க்கிறவர்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். நான் வெயில் காலத்துக்குத் தந்த கான் வெட்டுகிற வேலை முடிந்ததும் ஓடி வந்து, இருட்டும் வரை கல்லைக் கீழே கொண்டுபோய், கழுவியதை மேலே சுமப்பேன். அவர் சல்லடையை இரண்டு பாறைக்கு நடுவே கட்டி, நீரோட்டத்தில் கல்லைப் போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று அவர் இப்போது பார்க்கவில்லை. தெளிந்த தண்ணீர்தான் எங்களை ஏமாற்றியிருந்தது.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார். ஓடையில் ஊசி ஊசியாகக் குஞ்சு மீன் திரியும். முந்தானையால் அவற்றைக் கோலி, அன்றன்றைக்குக் கழுவிய கல்லில் ஒரு பிடி போட்ட மண்சட்டியில் விட்டுவைப்பார். ஒவ்வொரு நாளைக்கும் ஒரு சட்டி, லயத்துக் கோடியில் வரிசையாக. காலையில் பெரட்டுக்குப் போகும்முன் நான் முதலில் பார்ப்பது அந்தச் சட்டிகளைத்தான். முதல் மூன்று நாள் சட்டிகளில் மீன் இருந்தது. நாலாம் நாள் சட்டியில் செத்துவிட்டது. மதினி சட்டியைக் கவிழ்த்து, கல்லை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். இரண்டு மூன்று கல்லில் மயிரிழை மாதிரி வெடிப்பு. வெடிப்புக்குள் செம்மண் அப்படியே குந்தியிருந்தது. “இந்தா, இங்கதான் ஒளிஞ்சிருக்கு” என்றார், திருடனைப் பிடித்த மாதிரி. அன்றிலிருந்து கழுவுவதற்கு முன்னால் வெடித்த கல்லையெல்லாம் பொறுக்கி எறிந்தார். முன்பு கழுவி முடித்ததையும் கொட்டித் திரும்பப் பொறுக்கினார். மூன்றில் ஒரு பங்கு கழிந்துபோனது. அந்தக் குறைக்குப் புதிய கல்லை நான் மலையில் தோண்டிக் கொடுத்தேன். குளத்தையும் விடவில்லை. சாம்பலும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்து, நிரப்பி இறைத்து, நிரப்பி இறைத்து, மூன்று தரம். ஒன்பதாம் நாள் எல்லாச் சட்டியிலும் மீன் நீந்தியது.

மூன்றாம் முறை வந்த மீன்கள் பிழைத்தன. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். வெள்ளைக் கல்லுக்கு மேலே அவை திரிந்ததைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து துரைமாரும் துரைசாணிமாரும் ஒரு சாயங்காலம் தேத்தண்ணிக்கு வந்தார்கள். நாற்காலி மேசை தூக்கிப் போட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். துரைசாணி மதினியைக் குளத்தருகே அழைத்து நிறுத்தி, வந்தவர்களிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கிளாக்கர் ஐயா தமிழில் சொன்னார்: “மூண்டாம் முறையிலை எண்டாலும் கடைசியிலை கல்லுக் கழுவப் பழகிட்டாய் எண்டு சொல்லுறா.”

மதினி கும்பிட்டார். “ஆமாங்க ஐயா. மொத ரெண்டு தடவ சோம்பேறித்தனமா இருந்துட்டேங்க.”

சோம்பேறித்தனமாம். அந்தத் தோட்டத்தில் அந்த வார்த்தைக்கும் மதினிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கையில் இருந்த நாற்காலியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றேன். லயத்திலும் அந்தப் பேச்சுப் பரவிவிட்டது. குழாயடியில் அரிசி களையும்போது, “பாத்துக் களைங்க, சோத்துல மீனு மெதக்கப் போவுது” என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். மதினி அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பார். வேலை நிலைத்துவிட்டதே, இதெல்லாம் என்ன என்கிற மாதிரி. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் காலை பெரட்டில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஆட்களின் பேரைக் கூப்பிட்டு மலை பிரித்துக்கொண்டிருந்தார். என் பேர் வந்தது. ஆஜர் சொல்லிவிட்டு, அப்படியே தொடர்ந்தேன்: மருந்து டிரம் ஒன்றைக் கேட்காமல் எடுத்தது நான், மதினி கழுவிய கல்லில் விஷம் ஏறியது அதனால், அவர் முதல் தடவையே எல்லோரையும்விட நன்றாகத்தான் கழுவினார். நூற்றைம்பது பேர் காது கேட்க, நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

விஷயம் ஆபீசுக்குப் போனது. துரை முன்னால் நிறுத்தினார்கள். பேர் வெட்டத்தான் போகிறார்கள் என்று தேறிக்கொண்டு நின்றேன். கிளாக்கர் ஐயா இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று பிறகு ஒருநாளும் சொல்லவில்லை. பேர் வெட்டவில்லை. மருந்தடிக்கிற கூட்டத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அந்த வாரமே மருந்து டிரம்கள் எல்லாவற்றுக்கும் சிவப்பு வர்ணம் அடித்து, லயத்துப் பக்கம் ஒன்றும் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. எங்கள் மேல் உள்ள கரிசனத்தாலா, மீன் மேல் உள்ள பிரியத்தாலா, எனக்குத் தெரியாது. மதினி பிறகு எட்டு வருடம் அந்தப் புல்தரையில் வேலை செய்தார்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து லயத்துக்கு வந்தபோது மதினி காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் குடம் மாதிரி வீங்கியிருந்தது. செய்தி எனக்கு முந்தி வந்து சேர்ந்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்து வந்தேன். அந்த முகத்தில் சந்தோஷம் இல்லை.

“ஒனக்குக் கூறு இருக்கா?” என்றார். “ஒம்பது நாளு அந்தப் படியில உக்காந்து உக்காந்து எறங்குனேனே, மீனுக்காகன்னா நெனச்ச?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிரம் விஷயத்தை நான் சொன்ன திங்கட்கிழமையே கிளாக்கர் ஐயாவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மதினி மேல் இருந்த பழி அன்றே போயிருக்கும். வேலையும் போயிருக்காது. ஒரு கல்லைக்கூடத் திரும்பத் தொட்டிருக்க வேண்டாம். வெட்டுப்பட்டிருக்கப் போவது என் பேர் மட்டும்தான். நான் இத்தனை நாளும் அவர் தன் சமதரைக்காகத்தான் கழுவினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

“நானும் மீனுக்காகப் போய்ச் சொல்லல மதினி” என்றேன்.

அவர் சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து உள்ளே போய்த் தட்டை எடுத்தார்.

“கையக் கழுவிட்டு வா” என்றார். “நல்லாக் கழுவு.”